'பல்' மறைந்த போர்டு

தெருவில் எல்லோருக்கும் அவள் செட்டக்கா. பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பார்த்தால் சொந்தப் பல் என்று தோன்றும்படி செய்து கொடுப்பாள்.

வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கி, வாசலில் 'பல் செட்' என்று போர்டு மாட்டியிருந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மழைச்சாரலுக்கு ஒரு தகரம் இறக்கினார். அது சொல்லிவைத்தாற்போல் 'பல்'லை மட்டும் மறைத்துக்கொண்டது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் 'செட்'தான்.

அதற்குப் பிறகு யார் யாரோ படியேறினார்கள். கல்யாணப் பெண் ஒருத்தி நெக்லஸும் தோடும் ஒரே செட்டாகக் கிடைக்குமா என்று கேட்டாள். தோட்டக்காரர் ஒருவர் பம்புசெட் தண்ணீர் இறைக்கவில்லை, வந்து பாருங்கள் என்றார். பாடாத ரேடியோ செட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தபோது, அவள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "இருங்க, இது செட் ஆகட்டும்" என்றாள். அவரும் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

"தகரத்தை நகர்த்தச் சொல்லேன்டி" என்பாள் அம்மா.

"போகட்டும்மா. நாலு பேர் வந்து போறது நல்லாத்தானே இருக்கு."

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மாவின் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. "ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுறா, பெத்தவ வாய் பொக்கையாக் கிடக்கு" என்று சித்தி வரும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள். மகள் கெஞ்சாத நாள் இல்லை. அம்மாவோ, "எனக்கும் அதுக்கும் செட் ஆகாதுடி. டம்ளர்ல கிடந்து சிரிக்கிற பல்லு எனக்கு வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

ஒருநாள் மதியம் ஜிப்பா போட்ட ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"செட் போடணும். ரொம்ப அவசரம்."

"மேல் செட்டா, கீழ் செட்டா?"

"ரெண்டும்தான். மேல அரண்மனை மாடம். கீழ சிறைச்சாலை."

செட்டக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வாய்க்குள்ளயா சார்?"

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மேடைக்கு செட் போட ஆள் தேடி வந்த அந்த நாடகக்காரர், வந்த வேலையை மறந்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

"அம்மா, நீங்க நடிப்பீங்களா? ராஜாவை வளர்த்த தாய் வேஷம். இப்படி ஒரு பொக்கை வாய்க்காகத்தான் அலைஞ்சிக்கிட்டு இருக்கேன்."

செட்டக்கா பதறினாள். அம்மா பதறவில்லை. "வசனம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

ஒத்திகைக்குப் போக ஆரம்பித்ததும் அம்மா ஆளே மாறிப்போனாள். வசனம் முழுவதும் மனப்பாடம். "நீங்க இப்ப நம்ம செட்டு" என்று குழுவில் எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அரங்கத்தில் முதல் ஒத்திகை நடந்தபோது, சிறையில் கிடக்கும் பிள்ளைக்காக அம்மா கதறும் இடத்தில் பின்வரிசையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தவர்களிடம் சிரிப்புக் கேட்டது. "என்ன சொல்றாங்க? ஒண்ணும் புரியலையே" என்றது ஒரு குரல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டாள். பிறகு பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒரு செட் பண்ணிக் குடு."

எத்தனையோ வாய்களுக்குச் செய்த கைதான். ஆனாலும் தெரிந்த டாக்டரிடம் அம்மாவுக்கு அளவெடுத்து வாங்கி வந்து வேலையைத் தொடங்கியபோது, ஒவ்வொரு பல்லையும் இரண்டு மூன்று முறை எடுத்து எடுத்து நட்டாள். முதல்முறை போட்டுப் பார்த்த அம்மா, வாயில் செங்கல் அடுக்கினது மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டாள். ஈறு புண்ணானது. குத்திய இடத்தை மகள் அரத்தால் ராவிக் கொடுத்தாள். மறுபடி குத்தியது, மறுபடி ராவினாள். கண்ணாடி முன் நின்று அம்மா தினமும் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகினாள். அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"முன்பல்லு ஒண்ணு கோணலா இருக்கே?"

"உன் பல்லு அப்படித்தாம்மா இருந்துச்சு."

அம்மா அந்தப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வசனத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அடுத்த ஒத்திகையில் அம்மாவைப் பல்லோடு பார்த்த நாடகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பொக்கை வாய்க்காகத்தானேம்மா உங்களைக் கூப்பிட்டேன்!"

"சனங்க என் வாயைப் பார்க்கவா வர்றாங்க, பேச்சைக் கேக்கவா வர்றாங்க? நீங்க கடைசி வரிசையில போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். அம்மா மேடையிலிருந்து பேசினாள். அவர் எழுந்து வந்து, "சரிம்மா, பல்லோடயே இருக்கட்டும்" என்றார்.

நாடகத்தன்று செட்டக்கா கடைசி வரிசையில்தான் இடம் பிடித்தாள். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பது அவள் பழக்கம். அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். ஒருவரும் சிரிக்கவில்லை. காட்சி முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான், பல்லைக் கவனிக்கவே இல்லையே என்று அவளுக்கு நினைவு வந்தது.

வேஷம் கலைத்துவிட்டு வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ் செட்டு இடது பக்கம் குத்துது. நாளைக்கு ராவிக் குடு" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. பட்டறை லீவு."

"எனக்கு ஏதுடி லீவு? சாயங்காலம் இன்னொரு ஆட்டம் இருக்கே!"

மறுநாள் காலையில் செட்டக்கா பட்டறையைத் திறந்தாள்.