பழுத்த பூளைப்பூ

அப்பா வேலை முடிந்து வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியருகே வண்டியை மெதுவாக்கும்போதே ஒரு இருமல் வரும். நின்று நிதானித்து, மூன்று தவணையாக வரும். அது கேட்டதும் அம்மா அடுப்பைப் பற்ற வைத்துத் தோசைக்கல்லைப் போடுவாள், நான் தட்டை எடுத்து வைப்பேன். அவர் செருப்பைக் கழற்றி முகம் கழுவி உட்காரவும் முதல் தோசை வேகவும் சரியாக இருக்கும். மற்ற வீட்டு அப்பாக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தச் செலவு இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மார்கழிக் காலையில் இருமாமல் அலறினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக உருண்டார். எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்களும் தரையில் உருண்டு அழுவார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வலது பக்கம் ஐந்து மில்லிமீட்டரில் ஒரு கல், சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பி வழியில் நின்றுகொண்டிருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், அதற்குள் கல் தானாக வராவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து உடைத்து எடுக்க வேண்டியதுதான் என்றார். கல் உள்ளே இருக்கும்வரை வெயிலில் நெடுந்தூரம் நடக்கவே கூடாது என்றும் சொன்னார். கடைசியில் சொன்ன அதுதான் அப்பாவை ஆட்டிவிட்டது. தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்து போவது அவருடைய வேண்டுதல். பதினோரு வருடமாக ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. நான் பிறக்க வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டும்போது வேண்டிக்கொண்டதாம். ஆகவே பூசத்துக்கு முன் கல் வெளியே வந்தாக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பேச்சாகிப் போனது. நான் பள்ளிக்கூடத்தில் பிரேயர் நேரத்தில்கூடக் கல்லை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டில் தெற்கத்திக் குடும்பம் ஒன்று இருந்தது. பனியன் கம்பெனியில் தைக்கிற அந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு காய்ந்த கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கல்லடைப்புக்கு எங்க ஊர்ல சிறுபீளைதான் மதினி. ஒரு கை அள்ளிப் போட்டுக் காய்ச்சிக் குடுங்க. கல்லு கரைஞ்சு ஓடிரும்."

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது எங்கள் பூளைப்பூ. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டி வாசலுக்கு வாசல் காப்பு வைப்போமே, அதே வெள்ளைப் பூ. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்ததால் பொங்கலூர்ப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கி மார்க்கெட்டில் மலையாகக் குவிந்து கிடந்தது. முருகனே பார்த்து அனுப்பியிருக்கிறான் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தை அல்ல, அளவை. அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அரை கிராம் சாயம் கூடிப்போனால் ஒரு லாட் துணி முழுவதும் போச்சு என்று நம்புகிறவர். லாட் நம்பர் ஒட்டாத டிரம் ஒன்று வந்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு கை என்றால் யாருடைய கை என்று கேட்டார். பட்டறை லேபிலிருந்து பழைய எடை மெஷினை வாங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தார். அத்தை கையால் ஒரு கை, அம்மா கையால் ஒரு கை, என் கையால் ஒரு கை அள்ளச் சொல்லி எடை போட்டு மூன்றையும் கூட்டி வகுத்தார். இன்றைய பூ இத்தனை கிராம், தண்ணீர் இத்தனை, கொதித்தது இத்தனை நிமிடம் என்று சமையலறைக் காலண்டரில் தினமும் எழுதினார். இவ்வளவும் செய்தவர், டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று அம்மா இழுத்தபோது பதறிவிட்டார்.

"அதெப்படிங்க சொல்றது? உங்க மருந்து மேல நம்பிக்கை இல்லீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிருமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. உயிரே போனாலும் அடுத்தவர் மனது நோகக்கூடாது.

காலையில் வெறும் வயிற்றில் கஷாயம், அதன்பின் டாக்டரம்மா கொடுத்த மாத்திரை, ஏற்கெனவே சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரை என்று வரிசையாக உள்ளே போயின. கஷாயத்தை மட்டும் அப்பா கண்ணை இறுக மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். அந்த வாடை அவருக்கு ஆகாது. குடித்து முடித்ததும் அவர் வாயில் சர்க்கரை போடுவது என் பொறுப்பு.

பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில் பூ தீர்ந்துபோனது. மார்க்கெட்டில் இல்லை. எங்கள் வாசற்காப்பு மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதைத் தொட அம்மா விடவில்லை. கட்டிய காப்பை அவிழ்க்கிற வீடு விளங்குமா என்று என்னை அதட்டினாள். பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இந்த வேலையை நாம்தான் முடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். பட்டறையில் பொங்கலுக்குப் பூஜை போட்டு வாசலுக்கு வாசல் காப்புக் கட்டியிருந்தார்கள். பாய்லர் ரூமில் ஒன்று, லேபில் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது கலர் ரூம் வாசலில் தொங்கியது. சாயப்பொடியைப் பறக்கப் பறக்க எடை போட்டுக் கரைக்கிற அறை அது. அதன் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். வாசலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஒரு காலி டிரம்மை உருட்டி வந்து மேலே ஏறினேன்.

பூ அழகாக இருந்தது. மற்ற இடங்களில் வெள்ளையாக இருந்த பூளைப்பூ இங்கே மட்டும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. பழுத்துவிட்டது என்று நினைத்தேன். காயைவிடப் பழத்தில்தானே சத்து அதிகம்? மாம்பழம், கொய்யா எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேனே. உருவி உருவி, சோறு கொண்டுபோன காலித் தூக்குப்போசியில் அடைத்தேன். குழாயடியில் கை கழுவியபோது தண்ணீர் ரோஜா நிறத்தில் ஓடியது. இவ்வளவு சத்து வீணாகப் போகிறதே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

அம்மாவிடம் பட்டறைக்குப் பின்னால் வேலியோரம் பறித்தேன் என்று சொன்னேன். காப்பை அவிழ்த்தேன் என்று சொன்னால் முதுகு பழுத்துவிடும். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணு எனக்காக வேலி வேலியாக அலைந்திருக்கிறாள் என்று அத்தை வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை அம்மா காய்ச்சினாள். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தானுங்க சாறு நல்லா எறங்கியிருக்குது" என்றாள். அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தார். திருப்பூரில் எந்தச் சிவப்பையும் பார்த்த மாத்திரத்தில் இன்ன சிவப்பு என்று சொல்லக்கூடிய ஒரு ஜோடிக் கண்கள் எங்கள் வீட்டில் இருந்தன. அந்த நேரம் பார்த்து அவை மூடியிருந்தன.

பத்து மணி வாக்கில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ரத்தமாப் போவுதுங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா முருகா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். அம்மா ஒரு கையால் அப்பாவையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்கு அதற்குள் ஒரு சந்தேகம் தட்டிவிட்டது. குழாயடியில் ஓடிய தண்ணீர் ஞாபகம் வந்தது. அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அழுதால் மாட்டிக்கொள்வேனே என்று அழுகையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆட்டோ அவ்வளவு மெதுவாகப் போனதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கச் சொல்லிக் கீழே லேபுக்கு அனுப்பினார்கள். சற்று நேரத்தில் பாட்டிலும் ரிசல்ட்டும் மேலே வந்தன. டாக்டரம்மா படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். நிறம் அப்படிச் சிவந்து கிடக்கிறது, ரத்தம் மட்டும் துளிகூட இல்லையாம். பீட்ரூட் சாப்பிட்டீர்களா, வேறு மாத்திரை எதுவும் போட்டீர்களா, வேறு என்ன குடித்தீர்கள் என்று அடுக்கினார். ஒன்றுமில்லீங்க, ஒன்றுமில்லீங்க என்று அப்பா மரியாதையாகப் பதில் சொன்னார். அம்மா சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா யோசனையோடு பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், அப்பாவின் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்தார். கொஞ்சம் கொடுங்கம்மா என்று பாட்டிலைக் கையில் வாங்கினார். வெயில் நேராக விழாத ஜன்னலுக்குப் போய், ஷேடு பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் நோயாளியாகவே இல்லை.

"இது ரத்தம் இல்லீங்க டாக்டரம்மா. எங்க பட்டறைல மூணு வாரமா ஓடிட்டிருக்கிற செவப்புங்க."

சொல்லி முடித்தபின்தான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விழுங்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் பீறிட்டு வெளியே வந்தது. டிரம், காப்பு, பழுத்த பூ, வேலியோரப் பொய் என்று ஒன்று விடாமல் கொட்டினேன். அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடிக்கத்தான் இழுக்கிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

அதன்பின் அவர்கள் பக்கத்து உண்மைகளும் வெளிவந்தன. சிறுபீளை, மூன்று கைச் சராசரி, கிராம் கணக்கு, காலண்டர் எல்லாம். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது. தலை சுற்றியதா என்று கேட்டார். இரண்டு நாள் மெஷின் படியில் ஏறும்போது சுற்றியதாக அப்பா ஒப்புக்கொண்டபோது அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மீதிப் பிரஷரும் இறங்கியிருக்கும். நீரைப் பிரிக்கிற மூலிகை, அதோடு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டரம்மா. மூலிகையைக் குறை சொல்லவில்லை. வேண்டுமானால் படித்துப் பட்டம் வாங்கிய சித்த வைத்தியரிடம் போங்கள், ஸ்கேனையும் மாத்திரைச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள், அவர் கொடுப்பதை என்னிடம் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் மனது நோகாது என்றார். காய்ச்சல் வந்தாலோ நீர் அடைத்துக்கொண்டாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் ஓடி வாருங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"எடையெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. எதை எடை போடறோம்னுதான் பார்க்கலை."

ஒரு டையிங் மாஸ்டருக்கு அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சாயம் உள்ளே போயிருப்பதால் ரத்தம் எடுத்துச் சோதித்து, சாயங்காலம் வரை அங்கேயே உட்கார வைத்து, தண்ணீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நிறம் சிவப்பிலிருந்து ரோஸாகி, ரோஸிலிருந்து வெளிறியது. ஒவ்வொரு முறையும் அப்பா வெளியே வந்து எத்தனை சதவீத ஷேடு என்று அம்மாவிடம் அறிவித்தார். நான்கு மணிக்குமேல் அம்மாவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிளம்பும் நேரத்தில் டாக்டரம்மா, அந்தக் காப்பு கலர் ரூம் வாசலில் எத்தனை நாள் தொங்கியது என்று கேட்டார்.

"பத்து நாளுங்க."

"நீங்க அந்த ரூம்ல எத்தனை வருஷமா நிக்கறீங்க?"

"பதினெட்டு வருசமுங்க" என்றார் அப்பா பெருமையாக.

டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சீட்டில் இன்னொரு வரி எழுதி, இதையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள் என்று நீட்டினார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே.

ஆட்டோவில் வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இடுப்பில் இருக்கிற கல்லுக்கு நெஞ்சைப் படம் எடுக்கிற டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் அப்பா. கல்லு ஏறிப்போச்சோ என்னமோ என்றேன் நான். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் போனது.

அந்தத் தைப்பூசத்துக்கு அப்பா பழனிக்குப் பஸ்ஸில் போனார். நடந்து போகிறவர்களை ஜன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார். மாதம் முடிந்து எடுத்த ஸ்கேனில் கல்லைக் காணவில்லை. மாத்திரைதான் என்றார் அப்பா. முருகன்தான் என்றாள் அம்மா. முதலில் குடித்த நல்ல பூதான் என்று தெற்கத்தி அத்தை இன்றைக்கும் சொல்வார். 

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாளே, திங்கட்கிழமை, அப்பா வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே அந்த இருமல் கேட்டது. நின்று, நிதானித்து, மூன்று தவணையாக. அப்பா நன்றாகிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா தோசைக்கல்லைப் போட்டாள். நான் ஓடிப்போய்த் தட்டை எடுத்து வைத்தேன்.