முதல் மேஜையில் கழன்ற ஷூ

கார்க் கழன்று வந்ததும் ஒரு வாசனை வரும். ஈரமான, லேசாகப் புளித்த வாசனை.

கப்பலில் வைன் பரிமாறப் பயிற்சி கொடுத்தபோது, ஆளுக்கொரு கிளாஸைக் கையில் கொடுத்து என்ன வாசனை என்று கேட்டார்கள். ஒருத்தி பிளம் என்றாள். ஒருவன் செர்ரி என்றான். எனக்கு வந்தது காபிப் பழத் தோல் வாசனை. எங்கள் ஊர் கொட்டச்சேட்டில், காபிப் பழம் அரைக்கிற கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்து நொதிக்குமே, அந்தத் தோல். சீசனில் அம்மாவின் சேலையிலும் அதுதான் வீசும்.

நானும் செர்ரி என்றேன்.

டைனிங் ரூமில் கப்பல் அசையும்போதெல்லாம் மேலே கண்ணாடி விளக்குகள் கிணுகிணுக்கும். அதுவரை எனக்குக் கிளாஸ் துடைக்கிற வேலை. பயிற்சிக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மேஜையைத் தனியாக என்னிடம் விட்டார்கள். ஒழுங்காகச் செய்தால் வைன் பிரிவு. இல்லையென்றால் மறுபடி துடைக்கிற துணி. சூப்பர்வைசர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோர மேஜை. ஆர்டர் கொடுத்திருந்தவர் அம்மா வேலை செய்யும் காபி எஸ்டேட்டின் முதலாளி.

பக்கத்தில் அவர் மனைவி. ஊரில் பங்களாம்மா என்போம். கூட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கப்பலில் பழகியவர்களாக இருக்கும்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்... பங்களா வாசலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தானே நின்றிருக்கிறேன். சம்பள நாளில் கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிட்டதும் அம்மா உள்ளே போவாள், கேட்டருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு. யாரும் கழற்றச் சொன்னதில்லை. யாரும் கழற்றாமல் போனதும் இல்லை.

பாட்டிலை வலது பக்கமாகக் கொண்டுபோய், லேபிள் தெரியக் காட்டினேன். வைனின் பேரைச் சொன்னேன். திறந்து, பாட்டிலின் வாயைத் துடைத்து, அவர் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஒரே வேலைதான். நிற்பது. ஆர்டர் கொடுத்தவர் ருசி பார்த்துத் தலையாட்டும்வரை பாட்டிலோடு நிற்பது. நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து.

அவர் கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். தலையாட்டினார்.

மற்றவர்களுக்கு ஊற்ற நகர்ந்தேன். காலுக்கடியில் கம்பளம் மெத்தென்றிருந்தது...

குனிந்து பார்த்தேன். காலில் ஷூ இல்லை.

லேஸ் இல்லாத கறுப்பு ஷூ. இரண்டும் எனக்குப் பின்னால், ஜோடியாக, ஓரமாக. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. சேலத்தில் மூன்று வருஷம் இலக்கியம் படித்தேன். அதெல்லாம் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது போல.

பங்களாம்மா ஷூவைப் பார்த்தார். பிறகு என்னை.

"எந்த எஸ்டேட்டு கண்ணு?"

எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

"கொட்டச்சேடுங்க... உங்க எஸ்டேட்டுதானுங்க." அம்மா பேரைச் சொன்னேன்.

"அட, நம்ம சின்னப்பொண்ணு மகளா நீயி!" முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. நிஜமான சந்தோஷம். அதுதான் கஷ்டம். இவள் அம்மா எங்கள் காபியைப் பறிக்கிறவள் என்று அந்தத் தம்பதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் எனக்காகக் கிளாஸை உயர்த்தினார்கள். நான் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. காலிக் கிளாஸ்.

சாக்ஸோடு நின்று நன்றி சொன்னேன்.

சூப்பர்வைசர் பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், ஷூ கடிக்கிறதா என்று. ஆமாம் என்றேன். ஒரு சைஸ் பெரியதாகக் கொடுத்து, வைன் பிரிவிலேயே வைத்துக்கொண்டார்.

முதலாளி ஊர் திரும்பிய பிறகு அம்மாவிடமிருந்து போன்.

"பங்களாவுக்குக் கூப்புட்டு உட்டு, மொதலாளி நொம்பப் பெருமையாச் சொன்னாரு கண்ணு. ரைட்டரு மூஞ்சியப் பாக்கோணுமே... வெளக்கெண்ணெ குடிச்ச மாதர இருந்துச்சு."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அங்க செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நின்னியாமா? கப்பலுக்குப் போயும் மரியாத மறக்கலைன்னு பங்களாம்மா சொன்னாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஏஞ் சாமி கழட்டுன? நாங் கழட்டறது பத்தாதா?"

கோபம் வந்தால் அம்மா வீடே அதிரக் கத்துவாள். அன்று கத்தவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது லேஸ் வைத்த ஷூ போடுகிறேன். இரட்டை முடிச்சு. தலையாட்டலுக்குக் காத்து நிற்கும்போது உள்ளே விரல்கள் மட்டும் மடங்கிக்கொள்ளும். வெளியே தெரியாது.

இந்த லீவில் ஊருக்கு வந்தேன். பங்களாவில் பாதியை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறார்கள். ஷூவோடு ஏறிப்போய் வராண்டாவில் உட்கார்ந்து வைன் குடிக்கிறார்கள். கிளாஸின் தண்டுப் பகுதியைப் பிடிக்காமல், டம்ளரைப் போல் கை நிறையப் பிடித்துக்கொண்டு.

முதலாளி பார்க்கவேண்டும் என்றாராம். ஒண்டிக்கடையில் வாங்கிய ஸ்வீட் பாக்ஸோடு அம்மா என்னைக் கூட்டிப்போனாள்.

கேட்டருகே அம்மா செருப்பைக் கழற்றினாள். நான் லேஸை அவிழ்க்கக் குனிந்தேன்.

"நீ கழட்டாத," என்றாள். "அப்படியே வா."

போனேன். மழை விட்ட வாசல், சேறு. என் ஷூவுக்குப் பக்கத்தில் அம்மாவின் கால், வெடிப்புக்குள் எல்லாம் செம்மண்.

அந்த நாளில் அவளுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. விளையாட்டாகத்தான் இருந்தது. இன்று பக்கத்தில், ஷூவோடு.

முதலாளி வெளியே வரும்வரை அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன், நிமிரவில்லை.