பத்தாவது ஆள்

ஒன்பது பேராகப் பயணம் போகக் கூடாது என்று பர்மியர்கள் நம்புகிறார்கள். போக நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அது பத்தாவது ஆள்.

ரங்கூனை ஒட்டிய மிங்கலாடோனில் என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் தமிழ்ப் பெண், ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். அவளும் ஆலைத் தோழர்கள் எட்டுப் பேரும் அவ்வப்போது மலையேறப் போவார்கள். என் மனைவி இறந்தபின் வந்த இரண்டாவது கோடையில், ஒரு மாலை என் வாசலில் வந்து நின்றாள்.

"ஊலே, சைட்டியோ மலைக்குப் போறோம். நாங்க ஒம்பது பேர். நீங்க வந்தா கல்லு தூக்க வேணாம்."

ஊலே என்றால் சித்தப்பா.

"அப்ப நான் கல்லுக்குப் பதிலா?"

"கல்லு பேசாது. நீங்க பேசுவீங்கல்ல?"

அன்று அதுவரை நான் யாரோடும் பேசியிருக்கவில்லை. வருகிறேன் என்றேன்.

முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பயணம் என்றால் நேரம், வானிலை, ஆட்கள் எண்ணிக்கை, மூன்றும் கட்டாயம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'காலை 4.10 புறப்பாடு. வானம் தெளிவு. ஆட்கள் 10.' கடைசி எண்ணில் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கிறது. மனைவி போனபின் எழுதிய முந்தைய பக்கங்களில் அந்த இடத்தில் 1 என்றுதான் இருக்கும்.

அடிவாரத்தில் வேனை விட்டுவிட்டு எட்டரைக்கு ஏறத் தொடங்கினோம். குழுவுக்குத் தலைவர் துணி வெட்டும் பிரிவின் போர்மேன். எல்லோரும் அவரைக் கோஜீ, அதாவது பெரியண்ணன், என்றார்கள். நான் கடைசியில் போனேன். "மலை ஓடிப்போகாது ஊலே, மெதுவா வாங்க!" என்று மேலிருந்து பர்மியத்தில் கத்தினார்.

9.40க்கு முதல் இடி. மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து கருப்பாக மழை இறங்கி வந்தது. இந்த மின்னலில் மேலே போக வேண்டாம் என்று கோஜீ முடிவு செய்தார். எல்லோரும் திரும்பி என்னைக் கடந்து கீழே ஓடினார்கள். பின்னால் வருகிறவர் என்னைக் கூட்டி வருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி நனைந்து படி தெரியாமல் போகவே, பூட்டிக் கிடந்த ஒரு மூங்கில் கடையின் கூரைக்கடியில் ஒதுங்கினேன்.

கீழேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கைபேசியில் சிக்னல் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நொடிகளை எண்ணினேன். பன்னிரண்டு, ஏழு, மூன்று. அப்புறம் எண்ண இடமில்லை. இடி தள்ளிப் போனபின் மறுபடி எண்ணினேன். கூப்பிடும் குரல் எதுவும் வரவில்லை.

11.10க்கு மழை தணிந்ததும் தனியாக இறங்கினேன். இருபது நிமிடம் நடந்திருப்பேன். ஒரு திருப்பத்தில் எதிர்வீட்டுப் பெண் மேல்மூச்சு வாங்க ஏறி வந்தாள். குடைக் கம்பி ஒடிந்து தொங்கியது. மறு கையில் ஒரு கல்.

கீழே டீக்கடையில் கோஜீ தலைகளை எண்ணியிருக்கிறார். ஒன்பது. எத்தனையோ பயணமாக அவர்கள் ஒன்பதுதான். சரி, எல்லாரும் வந்தாச்சு என்று அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்கள். வேனில் ஏறும்போது, ஒன்பது பேராயிற்றே என்று இவள் பழக்கத்தில் குனிந்து கல்லை எடுத்திருக்கிறாள்.

"எடுத்தப்புறம்தான் ஊலே, காலைல ஏன் கல்லு எடுக்கலன்னு ஞாபகம் வந்துச்சு. அப்படியே ஏறி ஓடியாந்தேன்."

வேனருகே கோஜீ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இறுக்கத்தைக் குறைக்க நினைத்தோ என்னவோ, ஒரு இளம்பெண் பர்மியத்தில் சொன்னாள்: "இத்தன தடவ போயிருக்கோம், ஒரு கல்லக்கூட விட்டுட்டு வந்ததில்ல ஊலே!"

பக்கத்திலிருந்தவள் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது உண்மைதான். கல் எப்போதும் யாராவது ஒருவர் பையில் இருக்கிறது. மறந்தாலும் அதன் கனம் ஞாபகப்படுத்தும்.

எடுத்த இடத்திலேயே கல்லை வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். இவள் சாக்கடை ஓரம் போய், பாசி படிந்த பக்கம் மேலே வரும்படி இரண்டு முறை திருப்பி வைத்தாள். அதுவரை வேன் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கோஜீ முன்னிருக்கையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, என் தோளில் கைவைத்து உரக்கப் "பத்து!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற ஒன்பது எண்களுக்கும் யாரும் தட்டவில்லை.

இருட்டும் வேளையில் வீடு சேர்ந்தோம். நான் பூட்டைத் திறந்து விளக்கைப் போடும்வரை அவள் வெளிக்கதவருகே நின்றாள்.

"அடுத்த தடவையும் வருவீங்கல்ல ஊலே?"

"தேதியப் பாத்துச் சொல்றேம்மா."

நாட்குறிப்பைத் திறந்தேன். ஆட்கள் 10 என்பதைத் திருத்தவில்லை. கீழே, '9.40 முதல் 11.10 வரை மழைக்கு ஒதுங்கல்' என்று எழுதினேன். எத்தனை பேர் என்று எழுதவில்லை.