தோல் வாடை என்றேன்

என் பழைய காரின் பெட்ரோல் பம்ப் வெயிலில் அடிக்கடி மக்கர் செய்தது. ஆம்பூர் மெக்கானிக் பாய், பழையபடி மெக்கானிக்கல் பம்பையே மாட்டச் சொன்னார். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். நான் எலெக்ட்ரிக் பம்ப்தான் வேண்டுமென்றேன்.

“அப்போ தானா கட் ஆவுற சுவிட்சும் போட்டுக்குங்க பெரியவரே. இன்ஜின் நின்னாலும் இது பெட்ரோலைத் தள்ளிக்கினே இருக்கும்.”

“விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர் பார்த்துக்கொள்வார்.”

“அவருக்கு ஏன் இந்தப் பேஜாரு?” என்று சிரித்தார்.

சுவிட்ச் இல்லாமலே பம்பை மாட்டிக்கொண்டு, மறுவாரம் மனைவியோடு விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் புறப்பட்டேன். ஆம்பூர் எல்லையில், தோல் ஆலை ஒன்றின் அருகே இன்ஜின் நின்றது. சூடு ஆறட்டும் என்று, சாவியை ஆஃப் செய்யாமலே பதிகம் பாடிக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க, நாத்தம் ஜாஸ்தியா வருதே?”

“தோல் வாடைதான். கண்ணாடியை ஏத்து.”

அவள் ஏற்றினாள். நான் பாட்டைத் தொடர்ந்தேன்.

வெளியே பீடி பற்றவைக்க நின்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் தீப்பெட்டியைத் தூர எறிந்துவிட்டு ஓடிவந்தார். “யோவ் பெரியவரே, பாட்ட நிறுத்து! அடியில பெட்ரோல் ஊத்துது, சாவிய ஆஃப் பண்ணு!”

குழாய் கழன்றிருந்தது, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியைக் கைபிடித்து இறக்கியவரும் அவர்தான்.

மறுநாளே சுவிட்சை மாட்டிவிட்டேன். ஆயினும் அந்தப் பதிகத்தைத் தொடங்கும்போதெல்லாம், நான் சொன்னேன் என்பதற்காகக் கண்ணாடியை ஏற்றிய அவள் கை கண்முன் வருகிறது. இரண்டாம் பாட்டுக்கு மேல் என்னால் போக முடிவதில்லை.