குழந்தைவேல் அண்ணன் மாற்றிய கம்பிகள்

காலையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது டிரம்ஸ் செல்வராஜ் போன் செய்தார். "ஏனுங்க சரசு, நம்ம குழந்தைவேல் அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாராம். ஆசுபத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." புளித்தண்ணீர்க் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து பல வருடங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களில் பலருக்கு அவர் முகம் நினைவிருக்காது. மேடையின் பின்வரிசையில், பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிட்டாரோடு நின்றவர் அவர். முன்னால் மைக் பிடித்து நின்றவள் நான்.

நாமக்கல்லில் அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒத்திகையெல்லாம் அங்கேதான். கைக்கடிகாரத்தைக் கையில் கட்டாமல் சட்டைப்பையில் போட்டிருப்பார். "கட்டத் தெரியலையாண்ணா, நான் கட்டி உடட்டுமா?" என்று கேலி செய்வோம். "கட்டுனா அரிக்குது சாமி" என்று சிரிப்பார். தன் வாத்தியத்தைப் பற்றி அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுண்டு: "நான் வாசிக்கறப்ப யாருக்கும் தெரியக்கூடாது. நிறுத்துனாத் தெரியோணும்."

ஒருமுறை அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு செட் கம்பி கொண்டுவந்தார். ஒன்று நிக்கல், மற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்துக் காட்டினார். ஸ்டீல் கம்பி கணீரென்று கேட்டது. அந்தக் காலத்துக் குழாய் ஸ்பீக்கரில் அடிநாதம் லேசில் வெளியே வராது. அதனால் ஸ்டீல்தான் வேண்டுமென்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நிக்கல் கம்பி மெத்தென்று, உருண்டையாக ஒலித்தது. என் குரல் மெல்லிசு. ஸ்டீல் சத்தத்துக்கு முன்னால் அது கீச்சென்று தனியாக நின்றது. நிக்கலில் பாடியபோது கீழே யாரோ கை கொடுத்துத் தாங்கியது போலிருந்தது. "இதே இருக்கட்டுங்ணா" என்றேன். அவர் மற்றவர்களைப் பார்த்து, "பாட்டு அந்தப் புள்ளையோடது. நாம அடியில இருந்தாப் போதும்" என்று சொல்லி, ஸ்டீல் செட்டை உறையில் போட்டு மேலே வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பியின் ஒலி மங்கினால் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்து மறுபடி மாட்டுவார். "ரசம் வைக்கிற சட்டிதான் கெடச்சுதா இவருக்கு?" என்று அண்ணி சத்தம் போடுவார்.

அடுத்த வருடத்திலேயே அவர் விரல்கள் கெட ஆரம்பித்தன. நுனித்தோல் உரிந்து, வெடித்து, நீர் கசியும். படம் கழுவும் மருந்துதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவள் நான். அண்ணியிடமும் ஓதினேன். வீட்டில் தினம் சண்டை. கடைசியில் அவர் இருட்டறையை மூடிவிட்டு, படங்களுக்குச் சட்டம் போடும் கடையாக ஸ்டுடியோவை மாற்றினார். மருந்துத் தட்டில் கிடக்கும் வெள்ளைத்தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. அதை விட்டார். விரல் ஆறவில்லை.

பிறகு ஒரு நாள் நிக்கல் கம்பி அறுந்துபோனது. மச்சான் அடுத்த செட் அனுப்பும்வரை ஸ்டீல் செட்டை மாட்டினார். அந்தப் பங்குனி, சித்திரை முழுவதும் அதிலேயே வாசித்தார். எருமப்பட்டித் திருவிழாவில் மேடையேறும் முன் அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் சுத்தமாக ஆறியிருந்தன. "பாத்தீங்களாண்ணா, இருட்டறையை மூடச் சொன்னது நல்லதாப் போச்சு" என்று பெருமையடித்துக்கொண்டேன். "ஆமா சாமி, உன்ற வாக்கு பலிச்சிருச்சு" என்றார். கச்சேரி முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தக் கம்பி என் குரலைத் தின்னுடுதுங்ணா. எப்பத்தான் மாத்துவீங்க?" என்றும் கேட்டேன். விரலை விரலால் தடவிக்கொண்டார். "புதுசு வந்திருச்சு. மாத்திட்டாப் போச்சு" என்றார். அடுத்த கச்சேரிக்கு நிக்கல் வந்தது. கொஞ்ச நாளில் புண்ணும் திரும்பி வந்தது. வெயில் சூடு என்றேன், மோர் குடிக்கச் சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா!

காரியம் முடிந்த பிறகு அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "உன்னையக் குத்தம் சொல்லல கண்ணு. மனசுல வெச்சுக்க முடியல, சொல்லிடறேன். எருமப்பட்டிக்கு முன்னாடியே சேலத்துல தோல் டாக்டரு பாத்துட்டாரு. கடியாரம் கட்டுனா அரிக்குதுன்னு இவரு சொன்னதும் புடிச்சிட்டாரு. நிக்கல் ஒடம்புக்கு ஒத்துக்காது, அந்தக் கம்பியத் தொடவே கூடாதுன்னாரு. அதைய மறுபடி மாட்டறப்ப நான் அழுதேன். சரசுகிட்டச் சொல்லிராத, சொன்னா அது ஸ்டீலே போடச் சொல்லும், அப்பறம் பயந்து பயந்து பாடும்னாரு." சுவரில் கிட்டார் மாட்டியிருந்தது. குழு கலைந்த அந்த வாரமே ஸ்டீல் போட்டுவிட்டாராம். அதன்பின் ஒருநாளும் விரல் வெடிக்கவில்லை என்றார் அண்ணி.

என்னால் அழக்கூட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. என் குரல் குரல் என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அதைத் தாங்கி நின்றது அவருடைய புண். காரணமே இல்லாமல் இருட்டறையை மூடவைத்தேன், என் குரலுக்காக ஆறிய விரலை மறுபடி வெடிக்கவைத்தேன். எனக்குத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் கையைப் பார்த்தவள்தானே நான் என்று மனசு திருப்பிக் கேட்கிறது.

கிட்டாரை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணி. வேண்டாமென்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என் அலமாரியிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் கேசட்டுகளில் சேர்க்காமல், குரல் நன்றாக இல்லையென்று அடியில் ஒளித்துவைத்த எருமப்பட்டிக் கேசட். நேற்று அதைத் தேடியெடுத்துக் கேட்டேன். என் குரல் கீச்சென்றுதான் இருக்கிறது. கம்பி கணீரென்று கேட்கிறது. இனி இதைத்தான் கேட்பேன். என்னிடம் இருப்பவற்றில் இந்த ஒன்றில்தான் குழந்தைவேல் அண்ணன் வலியில்லாமல் வாசிக்கிறார்.