அக்குள் புத்தகம்

அந்த இசைப்பள்ளியில் வயலின் கற்க வருகிறவர் கையில் முதல் நாள் கொடுப்பது வயலின் அல்ல, தடித்த பாடப்புத்தகம் ஒன்று. அதை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வில்லைப் பிடிக்க வேண்டும். வாசிக்கும்போது புத்தகம் நழுவினால் பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வில் நழுவினால் தேர்வே போச்சு. முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது என்பது அங்கே எண்பது வருடச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் காவல் இருந்தவர் முழங்கை டீச்சர். இருபத்தாறு வருடமாக "முழங்கை! முழங்கை!" என்று கத்தியே, பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லாரும் மறக்கும்படி செய்துவிட்டவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு விரல்கடை இடைவெளி தெரிந்தால் போதும், அந்த மாணவர் தொலைந்தார். அவரிடம் படித்த ஆறு பேர் இப்போது அதே பள்ளியில் ஆசிரியர்கள். பிசிறில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் பயந்து பயந்து வாசிப்பார்கள்.

ஐம்பது வயதில் டீச்சருக்கு வலது தோள் இறுகியது. தலை வார முடியவில்லை. பஸ் ஓட்டும் கணவர் ஒரு வாரம் சடை பின்னிவிட்டார். அந்தச் சடையைப் பார்த்துப் பள்ளியே சிரித்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்த தங்கையிடம் போனார்.

"கையத் தூக்குக்கா."

கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. "வயசாச்சுடி," என்றார் டீச்சர்.

"இடது கைக்கும் உன் வயசுதானே? அது மட்டும் ஜம்முனு போகுது. அப்படி என்னத்தைக்கா அந்த அக்குள்ல வெச்சுக் காப்பாத்தறே?"

டீச்சருக்குக் கோபம் வந்தது. எண்பது வருட முறையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்.

அந்த மாதம்தான் மாலை வகுப்பில் பெயிண்டர் சேர்ந்தார். நாற்பது வயது, நகக்கண்ணில் எப்போதும் சுண்ணாம்பு. அவர் வில்லை இழுத்தால் புத்தகம் தொப்பென்று விழும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி விழும்.

"முழங்கை!"

"டீச்சர், இந்தக் கையால ஊர் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஒட்ட வெச்சுக்கிட்டு அடிச்சா பட்டை பட்டையா திட்டுதான் விழும்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, புத்தகம் இல்லாம ஒரு தடவை வாசிங்க பாப்போம்," என்றார். மூன்று மாதம்கூடப் பழகாத அந்த ஆள் ஒரே ஒரு சுரத்தை நீள இழுத்தார். அறை முழுக்க நிறைந்தது. அப்படி ஒரு நாதத்தை டீச்சர் தன் வில்லில் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். இடுக்கியிருக்கிறார், மேசையில் அறைந்திருக்கிறார், ஒரு மாணவன் தலையில் ஒரு போடுகூடப் போட்டிருக்கிறார், படித்ததில்லை. பதினான்காம் பக்கத்தில் இருந்தது: 'கையை வீசியடிக்கும் மாணவருக்கு மட்டும், இரண்டு வாரம், அக்குளில் ஒரு புத்தகம் வைக்கலாம். பிறகு அதை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லவும்.'

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அழுதார்.

அதற்கப்புறம் பள்ளி நூலகத்தில் இருந்த பழைய வயலின் நூல்களை ஒன்று விடாமல் படித்தார். ஆதியில் இந்த வாத்தியத்துக்குப் பாடப்புத்தகமே கிடையாது. வாசிப்பவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார்கள். பிறகு எல்லா அறிவையும் அச்சில் ஏற்றிவிடலாம் என்று படித்தவர்கள் நம்பிய காலம் வந்தது, வயலினும் அச்சுக்குப் போனது. ஒருவர் வாத்தியத்தை நெஞ்சில் சாய்க்கச் சொன்னார். ஒருவர் தாடையை வலப்பக்கம் வைக்கச் சொன்னார், அடுத்தவர் இடப்பக்கம். அப்புறம் வந்தவர்கள் தசையையும் மூட்டையும் படம் போட்டு அளந்தார்கள். அத்தனை பேரும் சத்தியம் பண்ணாத குறையாக எழுதியது ஒன்றுதான்: இதுவே இயற்கை. அந்த இயற்கை முப்பது வருடத்துக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் பள்ளிகள் பெருகின, தேர்வுகள் வந்தன. நாதத்துக்கு மதிப்பெண் போடக் காது வேண்டும். விழுந்த புத்தகத்துக்குப் போடக் கண் போதும். அவ்வளவுதான் விஷயம் என்று டீச்சருக்குப் பட்டது.

பதினான்காம் பக்கத்தை முதல்வரிடம் காட்டினார். அவரும் அதே பள்ளியில், அதே புத்தகத்தை இடுக்கி வளர்ந்தவர்தான்.

"எழுதினவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு டீச்சர். சனிக்கிழமை பரீட்சை. புத்தகம் இல்லாம எதை வெச்சு மார்க் போடறது?"

"காதை வெச்சு சார்."

முதல்வர் ஒரு தாளை நீட்டினார். பள்ளி முறைப்படியே கற்பிப்பேன் என்று உறுதி தரும் கடிதம். "சனிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா திங்கக்கிழமைலேர்ந்து வர வேண்டாம். ஒரு புத்தகத்துல ஒரு வரி இருக்குன்னு பள்ளிக்கூடத்தையே மாத்த முடியாது."

"அந்த வரி இல்லாட்டியும் இதையேதான் சொல்லுவேன் சார். எனக்குச் சொன்னது என் தோளு."

சனிக்கிழமை தேர்வுக்கூடத்தில், வழக்கப்படி எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டர் அக்குளில் எதுவும் இல்லாமல் மேடை ஏறி, கையை விரித்து வாசித்துவிட்டு இறங்கினார். முதல்வர் பூஜ்யம் போட்டார்.

"எனக்கென்ன டீச்சர், நாளைக்கே சுவர் இருக்கு," என்று கிசுகிசுத்தார் பெயிண்டர். "உங்க வேலைக்கு உலை வெச்சிட்டேனே!"

"நீங்க வைக்கல. சும்மா உக்காருங்க."

விவகாரத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று முதல்வர் எழுந்தார். "புத்தக முறையே இருக்கணும்கறவங்க கையத் தூக்குங்க," என்று சொல்லித் தானும் தூக்கினார்.

இருந்த பத்துப் பேரில் எட்டுக் கைகள் எழுந்தன. அதில் ஆறு, டீச்சரே வளர்த்துவிட்ட ஆறு பேருடையவை. வேலை போகட்டும், இவர்களுமா? என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்த டீச்சர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்திருந்த கைகளில் ஏழு, இடது கை. முதல்வருடையதும் இடதுதான்.

"சார், எண்ணறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். எல்லாரும் அந்தக் கைய இறக்கிட்டு வலது கையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க சார்."

ஒரு கை காது வரை வந்து நின்றது. இன்னொன்று மார்புக்கு மேல் வரவில்லை. டீச்சரின் முதல் மாணவி பாதியில் உதட்டைக் கடித்தாள். இதை ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொன்னதில்லை; சொன்னால் கை போன ஆசிரியருக்கு வேலை எதற்கு என்று கேட்பார்களே என்ற பயம். இப்போது ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் எழுந்தார். "உங்கள்ல ஆறு பேருக்கு இதைப் பண்ணினது நான்தான். கத்திக் கத்திப் பண்ணினேன். மன்னிச்சுடுங்க."

முதல்வர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளிப் பார்த்தார். போகவில்லை.

"எத்தனை வருஷமா சார்?"

முதல்வர் அந்தக் கையை மெல்ல மேசையில் இறக்கி வைத்தார். டீச்சர் கையெழுத்தில்லாத கடிதத்தை அவர் முன்னால் வைத்தார்.

"இனிமே ஒருத்தர் அக்குள்லயும் புத்தகத்தை வைக்க மாட்டேன். திங்கக்கிழமை காலைல வகுப்புக்கு வருவேன். வரக்கூடாதுன்னா, வாசல்ல நின்னு அந்த வலது கைய நீட்டி என்னைத் தடுங்க."