அவள் வேண்டாம் என்ற ஏஞ்சல் மீன்

பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். யாரை யாரோடு ஏற்றலாம் என்பது முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். முறைத்துக்கொண்ட இரண்டு மேனேஜர்களை ஒரே தடவையில் ஏற்றியதே கிடையாது. வேலை ஓய்ந்தும் அந்த மிதப்பு மட்டும் ஓயவில்லை.

பக்கவாதத்தில் மனைவி விழுந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. கண்ணைத் தவிர எதுவும் அசையாது. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் வேண்டாம். பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "ஏதாவது கேட்டுக்கிட்டே இருங்க. பதில் சொல்றதை மட்டும் அவங்க விட்டுடக் கூடாது. விட்டுட்டா நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அவரும் விடாமல் கேட்டார். ஃபேனைக் குறைக்கவா, ஜன்னலைச் சாத்தவா, தலையணையை உயர்த்தவா. ஆறு மாதத்தில் கேள்வி தீர்ந்துபோயிற்று. ஓர் அறைக்குள் கேட்க அப்படி என்னதான் இருக்கிறது? மீன் தொட்டி வைக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

கடையில் படம் பிடித்துவந்து போனில் காட்டினார். நீலமும் சிவப்புமாக விரல் நுனி அளவே இருந்த நியான் மீன்களுக்கு உடனே ஆமாம் என்றாள். முக்கோணக் கொடி மாதிரி நின்ற ஏஞ்சல் மீனுக்கு வேண்டாம்.

"அழகாத்தானே இருக்கு?"

மறுபடியும் வேண்டாம்.

மறுநாள் அதையும் சேர்த்தே வாங்கினார். அவள் வேண்டாம் என்ற பீரோ, அவள் வேண்டாம் என்ற திரைச்சீலை, எல்லாவற்றையும் வாங்கிப் போட்டு, 'பாத்தியா, பழகிடுச்சு' என்று சொல்லியே குடித்தனம் நடத்திய மனுஷன். கடைக்காரப் பெண்ணும் தடுத்துப் பார்த்தாள்.

"இப்ப குட்டி, ஒண்ணும் பண்ணாது. வளந்தா நியானை முழுங்கிடும் சார். சேராது."

"கூட்டத்தைச் சமாளிக்கிறத எனக்கா சொல்லித் தர்றே?" என்று சிரித்தார். லிஃப்டில் ஏறிய யாரும் இறங்குவதற்குள் வளர்ந்ததில்லை. அந்த வித்தியாசம் அவர் புத்திக்கு எட்டவில்லை.

எட்டு நியான், ஓர் ஏஞ்சல். தொட்டியைக் கட்டிலை ஒட்டி, அவள் கண்ணுக்கு நேராக வைத்தார். முதல் சில மாதம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது உண்மை. பிறகு அவர் எதிரே வந்தாலே வேண்டாம், வேண்டாம் என்று இமைக்க ஆரம்பித்தாள். வலிக்குதா என்றார், பசிக்குதா என்றார், குளிருதா என்றார். எதுவும் இல்லை. தொட்டியைப் பற்றி மட்டும் அவர் கேட்கவே இல்லை. அது அவர் முடிவு செய்துவிட்ட விஷயம். மீன் குறைந்ததுகூடக் கண்ணில் படாமல் இல்லை, செடிக்குப் பின்னால் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மதியம் அவள் கையை நீவிக்கொண்டிருந்த பயிற்சி அம்மாள் நிறுத்திவிட்டாள். உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்த ஏஞ்சலின் வாயில் ஒரு சிவப்பு வால் துடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை விட்டீங்க?"

"எட்டு."

"இப்ப ஒண்ணுதான் இருக்கு."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். கழுத்தைத் திருப்ப முடியாதவள். ஏழு சாவையும் பக்கத்தில் கிடந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்றே ஏஞ்சலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"தூக்கிக் குடுத்துட்டேன். சின்ன மீனா வாங்கிட்டு வரட்டுமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். திறக்கவில்லை. வெளியே போய்க் கதவிடுக்கில் பார்த்தால் திறந்திருந்தது. உள்ளே வந்ததும் மூடிக்கொண்டது. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. மிஞ்சியிருந்த நியான் எப்போது செத்தது என்று அவர் கவனிக்கவில்லை.

"என் மேல கோவமா?" என்று தினமும் கேட்கிறார். ஆமாம் என்றால்கூட அவருக்குப் போதும். மூடிய கண் மூடியபடியே இருக்கிறது.